உருவி எடுத்த மியூசிக் டெஸ்க்

1. முதல் நாள்

ரொறன்ரோவில் ஒரு கச்சேரி மண்டபத்தில் பத்தொன்பது வருடம் மேடைத் தொழிலாளியாக இருந்தேன். உறவினர்களிடம் "இசைத்துறை" என்று சொல்லிவைத்திருந்தேன். பியானோவின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை ரட்ணம் அண்ணையும் தள்ளுவோம். துறையில் எங்கள் பங்கு அதுதான்.

ஸ்டேஜ் மனேஜர் பிரையன் ஆங்கிலத்தில்தான் ஏசுவார். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழில் விழும், அப்படியே தருகிறேன். முதல் நாள் சொன்னது இது: "தனிக் கச்சேரியெண்டால் மியூசிக் டெஸ்க்கைக் கழட்டிப்போடு. பெரிய ஆக்கள் நோட்ஸ் பார்த்து வாசிக்கிறேல்லை. முன்னால பேப்பர் கிடந்தால் சனம் என்ன நினைக்கும்?"

டெஸ்க் என்பது பியானோவில் நோட்ஸ் வைக்கும் பலகை. உருவி எடுக்க அரை நிமிடம் போதும். அந்த வேலையில் நான் பிழையில்லாமல் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

2. மதாம்

தொண்ணூறுகளில் ஒரு பிரெஞ்சுப் பியானோக் கலைஞர் இரண்டு குளிர்காலத்துக்கு ஒரு தரம் வருவார். எழுபதை நெருங்கியவர். நாங்கள் அவரை மதாம் என்போம். அவர் என் பெயரைச் சொல்ல முயன்று, பாதியில் கைவிட்டு, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, மிஸ்யூ என்று வைத்துக்கொண்டார். ஐம்பது வருடமாக விமானம், ஹோட்டல், மேடை. "ஊர்களெல்லாம் ஒன்றுபோலத்தான் மிஸ்யூ. ஸ்டூலின் உயரம் மட்டும் வேறு" என்பார்.

கடைசியாக வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் கச்சேரி. காலை ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார்.

"இன்றைக்கு டெஸ்க்கைக் கழற்ற வேண்டாம். நோட்ஸ் புத்தகத்தை அதில் திறந்துவைத்து, சபைக்குத் தெரியாதபடி டெஸ்க்கைப் படுக்கவைத்துவிடுங்கள். போன மாதம் ஒரு கச்சேரியில் வாசித்துக்கொண்டிருந்தபோது நடுவில் எனக்கு மறந்துபோனது. இன்னொரு தரம் நடந்தால் என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். யாருக்கும் சொல்லாதீர்கள்."

சொன்னபடியே வைத்தேன். கச்சேரிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரையன் மேடையைப் பார்த்தார்.

"ஆர் உந்தப் புத்தகத்தை வச்சது? இத்தனை வருஷமாச் சொல்லுறன். கழட்டு."

மதாம்தான் கேட்டார் என்று ஒரு வசனம் போதும். யாருக்கும் சொல்லாதீர்கள் என்றிருந்தாரே. கழற்றினேன். புத்தகத்தோடு மதாமின் அறைக்கு ஓடினேன். வாசலில் அவரை அழைத்துப்போகப் பிரையன் நின்றார். புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மதாம் வெளியே வந்து, என்னைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனார்.

மேடையில் பியானோவைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். இருபது நிமிடம் குறையில்லை. பிறகு ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பி வந்தார். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தரமும் நின்றபோது கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சபை கைதட்டியது. அப்படியொரு கைதட்டலை நான் இன்னொரு தரம் கேட்க விரும்பவில்லை.

மேடையோரத்தில் நான் அதே புத்தகத்தோடு நின்றேன். மேடையை விட்டு வந்தவர் அதை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"யாருக்கும் சொல்லவில்லைதானே, மிஸ்யூ?"

"இல்லை, மதாம்."

"நன்றி" என்றார்.

நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்டுக்குத் திரும்பும்போது நடந்ததைச் சொன்னேன். ரட்ணம் அண்ணை காரை ஓட்டியபடி கேட்டார்: "உன்ர வாயில என்ன கொழுக்கட்டையே? பிரையனிட்டச் சொல்லியிருக்கலாமேடாப்பா."

"சொல்ல வேண்டாமெண்டவ, அண்ணை."

"ஓம். நீ சொல்லேல்லை. இப்ப மண்டபம் முழுக்கத் தெரியும்."

3. பாடம் என்று ஒன்று

மதாம் அதன் பிறகு வரவில்லை. வேறெங்கும் வாசித்ததாகவும் நான் கேள்விப்படவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தனிக் கச்சேரிக்கும் முன்னால் கலைஞரின் கதவைத் தட்டி, டெஸ்க் வேண்டுமா என்று கேட்பேன். மண்டபத்தின் விதி என்பேன். அப்படியொரு விதி இல்லை. அநேகமானோர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அது எனக்குப் பழக்கம். ஒரே ஒருவர், நல்ல இளைஞர், என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "டெஸ்க் இருக்கட்டும்" என்றார்.

பிரையனிடம் போய், டெஸ்க் இறுகிவிட்டது, உருவ முடியவில்லை என்றேன்.

"இவ்வளவு காலமா உதைத்தானே செய்யிறாய். உதுவும் மறந்துபோச்சோ உனக்கு?"

"ஓம், மறந்துபோச்சு" என்றேன்.