பாப்பாவுக்கு, ஐந்து முதல் பதினெட்டு வரை

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இது பொய் என்று யாராவது நிரூபித்தால், முதலில் நிம்மதியாகத் தூங்கப் போகிறவன் நான்தான். ஆனால் பழுதுபார்க்கும் வேலையைக் குறித்து வைக்கிற அந்த ஜாப் கார்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. என் கையெழுத்து. நான் குறித்த நேரம். அதை என்ன செய்வது?

எனக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. முதலாளி, தொழிலாளி எல்லாம் நான் ஒருவன்தான். ஆன் ஆகாத கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுப்பதில் கொஞ்சம் பெயர் எடுத்தவன். கூடவே ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. மீட்டதைத் திறந்து பார்ப்பேன். சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அதற்கு ஒரு ஃபைல் போதும். நான் ஒன்றோடு நிறுத்துகிற ஆள் இல்லை. அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், அடுத்தவர் சண்டை, யாரோ எழுதி அனுப்பாமலே விட்ட கடிதம்... எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துவிட்டு, மறுநாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி சிரித்துக்கொண்டே பொருளைக் கொடுப்பேன். எழுதும்போதே கூசுகிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே காலுக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். டூட்டிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில், துண்டில் சுற்றிய பழைய லேப்டாப். தூங்குகிற குழந்தையை இறக்கி வைப்பதுபோல மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஆன் பண்ணா இருட்டாவே நிக்குது. உள்ள டக் டக்குனு ஒரு சத்தம்."

"யாரோடது?"

"என் சம்சாரத்தோடது. தவறிட்டா. பத்து மாசம் ஆச்சு."

துண்டைப் பிரித்தேன். அவரே தொடர்ந்தார்.

"உள்ள 'பாப்பாவுக்கு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அது மட்டும் போதும்ணே. படுக்கையில விழறதுக்கு முன்னாடி பொண்ணுக்குன்னு பேசிப் பதிவு பண்ணி வச்சா. அஞ்சு வயசுலேருந்து பதினெட்டு வரைக்கும். பொறந்தநாளைக்கு ஒண்ணு. அடுத்த வாரம் பாப்பாவுக்கு அஞ்சு."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒரு உதவி. அதைக் கேட்டுடாதீங்க. பாப்பாதான் மொதல்ல கேக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. நானே இன்னும் கேக்கல."

"சேச்சே. நான் ஏன் கேக்கப் போறேன்?" என்றேன். சத்தியமாக அந்த நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

மதியம் ஒன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன். லேப்டாப்பைப் பிரித்து, பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, கேபிள் வழியாக என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். டிஸ்க் முனகிக்கொண்டே சுற்றியது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இந்த மாதிரி டிஸ்க்குக்கு எங்கள் தொழிலில் ஒரே விதிதான். முதலில் நகல் எடு. பிறகு பார்.

ஃபோல்டர் இருந்தது. பதினான்கு ஃபைல்கள். பெயர்கள் வெறும் எண்கள். ஐந்தை மட்டும் என் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து, ஹெட்போனை மாட்டித் திறந்தேன். நான்கு வினாடி கேட்டால் போதும். முழுவதும் கேட்டேன். ஜாப் கார்டில் எழுதினேன்: 'ஃபைல் 5. திறக்கிறது. 2 நிமிடம் 41 வினாடி. நேரம் 1.42.'

மிச்சம் பதின்மூன்றையும் நகல் எடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வெறும் இரண்டு நிமிடம். அந்தக் குரல் நன்றாக இருந்தது. அடுத்து என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. டிஸ்க்கிலிருந்தே நேராக ஆறைத் திறந்தேன்.

மணி 1.46. "பல்லு ஆடுதா செல்லம்? பயப்படாத. அதுவா விழும். நூல் கட்டி இழுக்கிறேன்னு அப்பா வருவார், விடாத. பஸ் ஓட்டும்போது நடுங்காத கை, உன் பல்லப் புடிச்சா நடுங்கும்." நான் சிரித்தேன்.

மணி 1.50. ஏழு. "அப்பா சடை பின்னினா கோணலாத்தான் வரும். நல்லாருக்குன்னு சொல்லு." குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம். கிர்ர்... டக். கிர்ர்... டக். பழைய மின்விசிறி போல.

மணி 1.54. எட்டு. "என்மேல கோவம் வந்தா என்கிட்டயே காட்டு. அப்பா பாவம்." அந்தச் சத்தம் இப்போது அதிகமாகக் கேட்டது. கிர்ர்... டக். எங்கேயோ கேட்ட சத்தம். தினமும் கேட்கிற சத்தம்.

அண்ணாந்து பார்த்தேன். என் கடை மின்விசிறி. கிர்ர்... டக். அதே தாளம்.

பழைய விசிறி எல்லாம் இப்படித்தான் கத்தும் என்று சொல்லிக்கொண்டேன். ஹெட்போனைக் கழற்றாமல் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தேன்.

தலைக்கு மேலே விசிறி மெல்ல வேகம் குறைந்தது.

பதிவுக்குள்ளும் குறைந்தது... கிர்ர்ர்... ... டக்.

நின்றது.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அந்தப் பயத்திலும் என் கை ஒன்பதைத் திறந்தது. பேயைவிட என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

மணி 1.58. பேச்சு இல்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும்.

நாற்காலியில் அசைந்தேன். ஹெட்போனுக்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

மூச்சை அடக்கினேன்.

அந்த மூச்சும் நின்றது.

பிறகு... காதோடு காதாக...

"இது உங்களுக்கு இல்லண்ணே."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

"நிறுத்துங்க."

இடப்பக்கத்திலிருந்து. லேப்டாப்பிலிருந்து. பேட்டரி இல்லை. டிஸ்க் இல்லை. ஒரு வயர்கூட இல்லை.

அதன் கேமரா விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டக். டக். டக்.

இது டிஸ்க். அப்புறம் அமைதி. மணி 2.03.

இரண்டு நாள் எனக்குத் தெரிந்த அத்தனை வித்தையும் காட்டினேன். டிஸ்க் அசையவில்லை. சோதனைக்காக எடுத்த ஐந்து மட்டும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை டிரைவர் வந்தார். கூசாமல் சொன்னேன். "டிஸ்க் ரொம்ப மோசம். ஒண்ணுதான் வந்துச்சு." அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணாவது வந்துச்சே. ரொம்ப நன்றிண்ணே." அந்த ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி, அவர் எதிரிலேயே ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அந்தக் கைகளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பிறந்தநாளுக்கு மறுநாள், மாலை ஐந்து இருபதுக்கு, மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்.

"கவரைப் பாப்பாதான் பிரிச்சா. கேட்டோம். கடைசியில ஒண்ணு புரியல. கேளுங்க."

போனில் போட்டார். எனக்குத் தெரிந்த அதே பதிவு. ஆனால் திரையில் 3 நிமிடம் 9 வினாடி என்று இருந்தது.

இரண்டு நிமிடம் நாற்பத்தோரு வினாடியில் அது முடியவில்லை.

கிர்ர்... டக். கிர்ர்... டக்.

அந்த மின்விசிறியை நான் அந்தச் செவ்வாய்க்கிழமையே கழற்றிப் போட்டுவிட்டேன்.

"பாப்பா... மிச்சத்தக் கடைக்கார மாமாகிட்ட கேளு. எட்டு வரைக்கும் அவருக்குத் தெரியும். ஒன்பதுலேருந்து நான் என்ன சொன்னேன்னு... யாருக்கும் தெரியாது."

முடிந்தது.

"அவளுக்கு உங்கள முன்னாடியே தெரியுமாண்ணே?" என்று கேட்டார் டிரைவர். சந்தேகமே இல்லாத முகம்.

பாப்பா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, ஆறுல அம்மா என்ன சொன்னாங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவரை சொன்ன பொய்களோடு அதுவும் ஒன்று. அவள் முகத்தைப் பார்த்தபடி என்னால் முடியவில்லை.

"உனக்கு ஆறு வயசு ஆகட்டும் கண்ணு," என்றேன். "சொல்றேன்."

டிரைவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் அவளுக்கு ஆறு வயது. ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் மறக்காமல் அந்த ஜாப் கார்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நான்காவது வருடம் அவள் வந்து நிற்கும்போது என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.