நாலு பேருக்கு மேல் கூடாது

சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் அந்த நாடகத்தை எழுதினேன். எங்கள் சபையில் வருஷா வருஷம் போடுகிற கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் யோசேப்பு அழுவார், மரியாள் அழுவாள், பார்க்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். இந்த முறை பாட்டும் கேலியுமாக நானே எழுதித் தருகிறேன் என்று போதகரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கல்யாணமாகி விஸ்வநத்தம் பக்கம் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வார நாட்களில் அச்சகத்தில் காலண்டருக்குப் பிழை திருத்துவேன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவேன். ஊரில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற திமிர் கொஞ்சம் உண்டு.

சத்திரத்தில் இடமில்லை என்று சொல்லும் காட்சிக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அதைத் தூக்கிக் கொண்டுபோய் பெத்லகேம் சத்திரத்தில் வைத்தேன். அறைக்குள் ஏற்கெனவே இரண்டு பேர். எங்களோடு சேர்த்து நாலு, கணக்கு சரியாகிவிட்டதே என்பார் யோசேப்பு. சத்திரக்காரி மரியாளின் வயிற்றைப் பார்த்து, அந்த ஆளை யார் எண்ணுவது என்று கேட்பாள். உடனே பாட்டு: ‘ரூமுக்கு நாலு பேரு, அஞ்சாவது ஆளு யாரு?’ பாட்டு முடிந்ததும் யோசேப்பு ஒரே ஒரு வரி கெஞ்ச வேண்டும்: ‘ஒரு ஓரமா இருந்துக்கிறோம் தாயி.’ அவள் துடைப்பத்தைத் தூக்குவாள், அவர் ஓடுவார். எழுதிவிட்டு நானே தனியாகச் சிரித்தேன்.

யோசேப்பாக நடிக்க ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன் கிடைத்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. அவர் கும்பிடுகிற கோயில் திருவிழாவில் கோமாளி வேஷம் கட்டி ஊரைக் கலக்குகிறவர் என்று போதகர் தேடிப்போய்க் கூட்டி வந்தார். அதற்கு அடுத்த வாரம் சத்திரக்காரியாக நடிக்க ஒரு பெண் வந்தார். வீட்டிலிருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவர். கணவர் இல்லை என்பது மட்டும் தெரியும், மேற்கொண்டு கேட்டதில்லை. கணீர் குரல். முகத்தைத் துளியும் அசைக்காமல் சிரிக்க வைப்பார்.

ஒத்திகையில் ஒரு தொல்லை. மற்ற காட்சிகளுக்கெல்லாம் ஒழுங்காக வருகிற போர்மேன், சத்திரக் காட்சி என்றால் மட்டும் வரமாட்டார். லோடு நிற்கிறது என்பார், ஆர்டர் அவசரம் என்பார். ஒரு மாதம் முழுக்க அவருக்குப் பதிலாக நானே தடியைப் பிடித்துக்கொண்டு யோசேப்பாக நின்றேன். அவர் காதுபடவே திட்டியும் இருக்கிறேன். மனிதர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாடகத்தன்று ஞாயிறு சாயங்காலம். நாரணாபுரத்திலிருந்துகூட ஆட்கள் வந்து பந்தல் நிறைந்துவிட்டது. பாதிப் பேருக்கு மேல் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். மரியாளாக நடித்த கல்லூரிப் பெண்ணுக்கு முக்காடு குத்திக்கொண்டே, இன்றைக்காவது அந்த மனிதர் ஒழுங்காக மேடை ஏறுவாரா என்று புலம்பினேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சுதான் எழுதியிருக்கீகன்னு எல்லாரும் நெனைச்சோம் டீச்சர்.”

பிறகு தணிந்த குரலில் சொன்னாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசனில் நடந்தது. மருந்து அறையில் நாலு பேர் இருந்தார்கள். ஆர்டர் நெருக்கியதால் இந்தப் போர்மேன் மேலும் இரண்டு பேரை உள்ளே அனுப்பினார். ‘ஒரு ஓரமா உக்காந்துக்கிருங்க’ என்று சொல்லித்தான் அனுப்பினாராம். ஆறாவது ஆள் சத்திரக்காரியின் கணவர். மருந்து பற்றியபோது வாசலோரம் இருந்தவர்கள் வெளியே பாய்ந்துவிட்டார்கள். மூலையில் இருந்த அவருக்கு மட்டும் வழி இல்லை. பக்கத்து அறையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஊக்கு என் விரலில் ஏறியது. முதலில் வந்தது கோபம்தான், ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே என்று. அப்புறம்தான் அவமானம்.

ஓடிப்போய்ச் சத்திரக்காரியிடம் பாட்டை எடுத்துவிடலாம் என்றேன். அவர் பவுடர் பூசிக்கொண்டிருந்தார்.

“ஒரு மாசமாப் பாடிக்கிட்டுத்தான இருக்கேன் டீச்சர்,” என்றார். பிறகு கேட்டார், “அவரு மேடைக்கு வருவாருல்ல?”

போர்மேன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒட்டுத்தாடியோடு நின்றிருந்தார். தனக்குப் பதிலாக வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கும்பிட்டார். எனக்கே அந்த வசனம் முழுக்கத் தெரியும். தாடியை வாங்கி நான் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. வேறு ஆள் இல்லை என்று பொய் சொன்னேன்.

மேடை ஏறினார்கள். நான் திரை மறைவில் வசனம் எடுத்துக் கொடுக்கத் தாளோடு நின்றேன். வயிற்றை எண்ணுகிற இடத்தில் பந்தலே குலுங்கியது. பாட்டுக்குக் கை தட்டிக் கூடவே பாடினார்கள். சத்திரக்காரி ஒரு சுரம் பிசகவில்லை. பாட்டு நின்றது. யோசேப்பின் வரி வர வேண்டும், வரவில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள். எடுத்துக் கொடுக்க வேண்டிய நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சத்திரக்காரி திரும்பித் திரைப் பக்கம் என்னைப் பார்த்தார். காத்திருக்கிறார் என்று புரிந்தது. அந்த வரியை மெல்லச் சொன்னேன்.

“ஒரு ஓரமா இருந்துக்கிறோம் தாயி,” என்றார் போர்மேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

சத்திரக்காரி துடைப்பத்தைத் தூக்கவில்லை. கீழே வைத்தார்.

“ஓரம் வேண்டாம். உள்ள இருக்கவுகளே சாஸ்தி. வெளிய மாட்டுக் கொட்டகை இருக்கு. நாலு பக்கமும் தெறப்பு, காத்து வரும், ஒண்ணுன்னா ஓடிரலாம். பிள்ளத்தாச்சிய அங்கன கூட்டிட்டுப் போங்க. உசுரோட பெத்துக்கிடட்டும்.”

இது நான் எழுதியது இல்லை. முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

போர்மேன் தலையை நிமிர்த்தினார். அவர் முணுமுணுத்ததை மைக் பிடித்துக்கொண்டது.

“அன்னைக்கு இப்படிச் சொல்ல எனக்கு ஒரு ஆளு இல்லாமப் போச்சே தாயி.”

“எங்க வீட்டுக்காரரு சொன்னாரே,” என்றார் அந்தப் பெண். “ஆறு பேரு ஆகுதே, இன்னைக்கு ரூமுக்குள்ள கல்யாணமான்னு கேட்டாருல்ல. நீங்கதான் சிரிச்சீக.”

யோசேப்பு அசையாமல் நின்றார். மரியாள்தான் அவர் கையைப் பிடித்துக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்தது மேய்ப்பர்களின் குத்துப் பாட்டு. கீபோர்டுக்காரர் தொடங்கச் சொல்லும் சைகைக்காக என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கையைத் தூக்கவில்லை.