ஏற்றத்தில் அண்ணன்

அண்ணனின் சைக்கிள் சீட்டில் பின்பக்கம் மட்டும் தோல் வழவழவென்று தேய்ந்திருக்கும். உட்கார்ந்து தேய்ந்ததல்ல, கை ஊன்றித் தேய்ந்தது. சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய வலது காலைச் சூம்ப வைத்திருந்தது. இறக்கத்திலும் சமதரையிலும் இடது காலாலேயே மிதித்துப் போய்விடுவார். ஆனால் ஏர்க்காட்டில் சமதரை எவ்வளவு இருக்கிறது? ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். அண்ணன் ஒரு கையை ஹேண்டில்பாரிலும் மறுகையை சீட்டிலும் ஊன்றி, சைக்கிள் மேல் சாய்ந்தபடி ஏறுவார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவரும் சைக்கிள் தள்ளிப் போகிற இன்னொரு ஆள். ஊன்றுகோல் வேண்டாமென்று அம்மாவிடம் அவர் பிடிவாதம் பிடித்ததும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு மஞ்சக்குட்டை போகும் சாலையில் இருந்தது. கடைவீதியில் ஒரு துணிக்கடையில் அண்ணனுக்கு வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் அவருக்குப் பெரும்பாடு. கடை வாசலில் விட்டால் துணி மறைகிறது என்பார் முதலாளி. பஸ் நிற்கும் இடத்தில் சுவரோரம் சாய்த்தால் டிரைவர்கள் சத்தம் போடுவார்கள். தள்ளி எங்காவது விட்டால் அங்கிருந்து கடை வரை நடந்தாக வேண்டும். கடைசியில் கடையை ஒட்டிய சந்துக்குள் விட ஆரம்பித்தார்.

ஒரு மே மாதம், சீசன் கூட்டத்துக்காக வீதியை ஒழுங்கு செய்கிறோம் என்று ஆட்கள் வந்து, சந்திலிருந்த சைக்கிள்களையெல்லாம் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். செடி நர்சரியில் வேலை முடிந்து நான் அந்த வழியாக வந்தபோது, சாத்திய கடையின் படியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, ஊட்டுக்குப் போகலீங்களா?"

"சைக்கிளத் தூக்கிட்டுப் போயிட்டாங்க கண்ணு."

"என் தோளைப் பிடிச்சுக்கங்க. போயிரலாம்."

வீதியில் போய்க்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்களைப் பார்த்தார். "கூட்டம் கொஞ்சம் கலையட்டும்" என்றார்.

கலைந்த பிறகு கிளம்பினோம். ஒவ்வொரு மேட்டிலும் நின்றோம். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவராகவே சொன்னார்: "சைக்கிளுன்னா நம்மளப் பத்தி ஒண்ணும் நெனைக்காது கண்ணு."

சீசன் முடிந்து, முன்சக்கரம் கோணிய நிலையில் சைக்கிள் திரும்பி வந்தது. அடுத்த சீசனுக்கு முன்பே அண்ணன் அதை பஸ் மேலேற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிட்டார். "அங்க எல்லாம் சமதரைங்கம்மா. சைக்கிள் ஸ்டாண்டும் வேலை பாக்கப்போற கடைக்குப் பக்கத்துலயே இருக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கோ மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றி வாந்தி வரும். பஸ் ஏறவே மாட்டார். முதலில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் அண்ணன் வந்து போனார். பிறகு அதுவும் நின்றது. சேலம் போய் வருகிறவர்களிடமெல்லாம் அம்மா கேட்டது ஒன்றுதான்: "எம்பையன் மெலிஞ்சிருக்கானாங்க?"

அம்மா இறந்த அன்று அண்ணன் ஜீப் பிடித்து வாசல் வரை வந்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி காப்பிச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக ஓடைக்கு இறங்கி மறுபக்கம் ஏறும் ஒற்றையடிப் பாதை. பெரியப்பா மகன்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள்.

"அம்மாவத் தூக்குங்க சாமி, போதும்" என்றார் அண்ணன்.

பெட்டி கிளம்பியது. நான் அவருடன் இருந்துவிட்டேன். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "எங்க போறாங்கன்னு சொல்லு கண்ணு" என்றார். வாசலோர மேட்டில் ஏறி நின்று சொன்னேன். வேலி தாண்டிட்டாங்க. பலாமரத்துக்கிட்டப் போறாங்க. இப்ப ஓடையில இறங்கறாங்க. அதற்கப்புறம் மரங்கள் மறைத்துவிட்டன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. மெதுவா ஏறறாங்க அண்ணா. தோட்டத்துக் கேட்டுக்குள்ள போறாங்க. எறக்கி வெக்கறாங்க.