மண்ணெண்ணெய் எஞ்சினும் நிஸ்தார் சேரும்

நிஸ்தார் சேர் மௌத்தாகிவிட்டார்.

காலையில் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் மரணச் செய்தி வந்தது. வேறு யாரோ நிஸ்தார் என்று நினைத்து போனை வைத்துவிட்டுத் தேங்காய் துருவினேன். துருவி முடித்த பிறகுதான் மறுபடி எடுத்து வாசித்தேன்.

இன்னும் அழுகை வரவில்லை. ஏனென்று தெரியவில்லை... கை தன்பாட்டில் வேலை செய்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சேர் எங்கள் ஸ்கூலில் டெக்னோலஜி படிப்பித்தவர். நான் பிஸிக்ஸ். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேசை. சண்டை பிடிக்க வசதியான இடம்.

இந்தத் தவணை ஸ்கூல் கண்காட்சிக்கு எஞ்சின்களின் வரலாறு என்று முடிவாயிற்று. படம் கீறி ஒட்டலாம் என்றேன். சேர் கேட்கவில்லை.

"படம் ஒட்டுறதெண்டா நான் வரல்ல டீச்சர். எஞ்சின் ஓடணும். ஓடினாத்தான் புள்ளைகளுக்கு விளங்கும்."

பால்மா டின்னில் ஒரு நீராவி எஞ்சின் செய்தார். சாய்ந்தமருதில் போட்டுக்காரர் ஒருவரிடம் பழைய அவுட்போர்ட் எஞ்சின் ஒன்று வாங்கினார். கை உழவு மெஷினின் டீசல் எஞ்சின், ஒரு ஸ்கூட்டர் எஞ்சின், கழற்றிய மின்விசிறி மோட்டர்... லேப் கராஜ் ஆகிவிட்டது. லேப் பொறுப்பு என்னுடையது, ஏச்சும் எனக்குத்தான்.

மோட்டரை நான் மேசையின் கடைசியில் வைப்பேன். இனி வரப்போவது கரண்ட் வண்டிதானே. மறுநாள் பார்த்தால் அது நீராவிக்குப் பக்கத்தில் இருக்கும்.

"மோட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு மூத்தது டீச்சர். கார் வந்த காலத்திலயே கரண்ட் காரும் ஓடின. மூத்தவரக் கொண்டுபோய் கடைசியில இருத்துறதா?"

ஒரு பிள்ளை கேட்டது, அப்ப ஏன் சேர் நாங்க பெட்ரோல் கியூவில கிடந்த என்று. பெட்ரோல் கிடைக்காத அந்த நாட்களில் மருதமுனையிலிருந்து சைக்கிள் மிதித்து, வியர்வையில் சேட் முழுக்க நனைந்து வந்தவர் அவர்.

"பெட்டரிர பாரம் மகன். ஒரு போத்தல் பெட்ரோல்ல இரிக்கிற சத்த பெட்டரியில அடக்க அப்ப ஏலாமப் போச்சி. தோத்துப்போன மோட்டர் இப்பதான் திரும்பி வருகுது."

அதற்குப் பிறகு நான் மோட்டரைத் தொடவில்லை.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது மண்ணெண்ணெய் எஞ்சின். அக்கரைப்பற்றில் நிறைய வயல் வைத்திருக்கும் ஒரு போடியார் வீட்டு மாட்டுப்பட்டியில் துருப்பிடித்துக் கிடந்த தண்ணீர்ப் பம்ப். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் தங்கிவிடும், ஆறிய பிறகு லேசில் பத்தாது.

புதன்கிழமை அது முதல் தடவை ஓடியது. ஸ்கூல் முழுக்கப் புகை. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது.

பாங்குக்கு மேலே எஞ்சின் கத்துவதா... சேர் பாய்ந்துபோய் அப்படியே நிறுத்திவிட்டார். பெட்ரோலுக்குத் திருப்ப எங்கே நேரம்?

வியாழன் காலை பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. எஞ்சின் பத்தவில்லை. கயிற்றைச் சுற்றுவார், இழுப்பார். சுற்றுவார், இழுப்பார்.

கழற்றித் துடைக்கலாமே என்றேன். "கழட்டினா அரைநாள் போயிடும் டீச்சர், இப்ப பத்திரும்." பெரிய வகுப்புப் பொடியன்கள் நாங்க இழுக்கிறம் சேர் என்று வந்தார்கள். விடவில்லை. "திருப்பி அடிச்சா கை முறியும். தள்ளி நில்லுங்க."

கடைசியில் பத்தியது. எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள். சேர் மர வாங்கில் உட்கார்ந்து உள்ளங்கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என்ன சேர்?"

"கேஸ்ட்ரிக், டீச்சர். காலையில வெறும் தேத்தண்ணிதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க சேர்."

"ஓம் ஓம், கண்காட்சி முடியட்டும்."

கென்டீனில் சொல்லி இஞ்சி போட்டு பிளேன்டீ எடுத்துக் கொடுத்தேன். குடித்தார். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். "பாத்தீங்களா, கேஸ்தான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நேற்று வெள்ளி, ஸ்கூல் இல்லை. இன்று இந்த மெசேஜ்.

பகல் மருதமுனைக்கு, சேர் வீட்டுக்குப் போனோம். ஆண் டீச்சர்மார் பந்தலுக்கு, நாங்கள் உள்ளே பெண்களோடு. முகம் பார்க்கவில்லை. அந்நியப் பெண்ணான எனக்கு அது முறையில்லை, தெரியும். ஆனாலும் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சேரின் மனைவி என்னைக் கண்டு பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார். அவரிடமும் கண்ணீர் இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், வியாழக்கிழமை ஸ்கூல்ல இவருக்கு ஒடம்புக்கு ஏதும் செஞ்சதா?"

சொன்னால் இந்த மனுசிக்கு ஆயுள் முழுக்க அது இருக்கும். சொல்லாவிட்டால் எனக்கு இருக்கும்.

"எஞ்சின் இழுத்துப்போட்டு இருந்தார் ராத்தா. நெஞ்சத் தடவினார். கேட்டத்துக்கு கேஸ்ட்ரிக் எண்டார். நான் இஞ்சி போட்டு பிளேன்டீ குடுத்தன்."

ராத்தா என் கையைப் பிடித்தார்.

"எனக்கிட்டயும் கேஸ்ட்ரிக் எண்டுதான் சொன்ன. ராவு நானும் இஞ்சிதான் இடிச்சிக் குடுத்தன்."

வெளியே ஆண்கள் சேரை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.

மண்ணுக்குள் உங்கள் கப்றை, படைத்த ரப்பு வெளிச்சமாக்கி வைக்கட்டும், சேர்.