டோவ்ரே மலையில் கொதித்த கார்

ஆரணி, நிலவன், யோகன் மாமா ஏன் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று போன கிழமை கேட்டீர்கள். ஆரணி கார் பழகத் தொடங்கிவிட்டாள். அதனால் இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எனக்குப் பெரிய எழுத்து வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

யோகன் மாமாவின் தமையன் ட்ரொண்ட்ஹெய்மில் இறந்த செய்தி தெரியும்தானே. செத்தவீட்டுக்குப் போகப் பிளேனில் இடம் கிடைக்கவில்லை. ஒஸ்லோவில் எங்கள் புருசெத்திலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர். பகல் பன்னிரண்டு மணிக்கு முகம் பார்க்க விடுவார்கள், ஒரு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். காலை ஐந்து மணிக்கு எங்கள் கட்டடத்தின் கீழுள்ள சூடான கராஜிலிருந்து புறப்பட்டோம். மாமா வெள்ளை வேட்டியை ஒரு பையில் மடித்து மடியிலேயே வைத்திருந்தார்.

லில்லஹாமர் தாண்டும்போது வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. டொம்போஸில் இருபத்தாறு. அங்கிருந்து பாதை டோவ்ரே மலைமேல் ஏறுகிறது. மரங்கள் குறுகி, பிறகு மரமே இல்லை. வெள்ளைப் பரப்பும் பாதையோரக் கம்புகளும் மட்டுந்தான்.

ஒன்பதரை மணியளவில் மாமா கையை ஹீற்றருக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, குளிர்க்காத்தெல்லே வருது."

சூட்டு முள்ளைப் பார்த்தேன். சிவப்பில் நின்றது. வெளியே இருபத்தாறு பாகை உறைகுளிர், உள்ளே எஞ்சின் கொதிக்கிறது. எஞ்சின் சூடேறினால் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிடுங்கள், கொஞ்சச் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். ஆனால் ஹீற்றரில் குளிர் வந்தால் உள்ளே தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். பிறகு ஒரு கிலோமீற்றர்கூட ஓடக் கூடாது. நல்ல காலம், பஸ் ஒதுங்கும் இடம் ஒன்று தெரிந்தது. பாதையை விட்டு முழுதாக உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தினேன்.

வெளிச்சத்தில் மின்னும் மஞ்சள் மேலங்கி பின்பெட்டியில் கிடந்தது. அது என் பிழை. அதைப் போட்டுக்கொண்டுதான் காரை விட்டு இறங்க வேண்டும். ஆகவே அது சீற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். பாதையில் வைக்கும் எச்சரிக்கை முக்கோணத்தை எடுக்கும்போது பின்பெட்டியில் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கண்டேன். பாதி உறைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஓகஸ்டில் பேர்கன் போய் வரும்போது கெய்லோவில் றேடியேற்றர் குழாய் ஒழுகியதை நீங்கள் கண்டீர்கள். யோகன் மாமாதான் குழாயை இறுக்கி, பெற்றோல் நிலையத்துக் குழாய்த் தண்ணீரை இந்தப் போத்தலில் பிடித்து ஊற்றினார். மூன்று லீற்றர் போயிருக்கும். ஊரில் லொறி ஓடியவர், அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தண்ணீர் உறையும் என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை. இங்கே கடையில் விற்கும் நீல நிற உறைதடுப்புத் திரவத்தைக் கலந்தே ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் சூடான கராஜிலும் கடைத்தெருவிலும் ஒன்றும் செய்யவில்லை. மலைக்காற்றில் றேடியேற்றருக்குள் உறைந்து வழியை அடைத்துவிட்டது.

போத்தலைக் கார் தூக்கும் ஜக்கின் பின்னால் தள்ளிவிட்டு பின்பெட்டியை மூடினேன்.

மாமா பொனற்றைத் திறந்து, ஜக்கற்றைக் கையில் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியைத் திருகப் போனார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ அண்ணை. கொஞ்சம் தண்ணி விட்டால் ஓடும்."

"திறந்தால் கொதிதண்ணி முகத்திலை அடிக்கும். கை வைக்காதை யோகன்."

வீதி உதவி இலக்கத்தை அழைத்தேன். இழுவை லொறி வேறொரு விபத்தில் நிற்கிறது, இரண்டு மணித்தியாலம் ஆகலாம் என்றார்கள். வடக்கே போன இரண்டு கார்களுக்கு மாமா கை காட்டினார். நிற்கவில்லை. டொம்போஸ் பக்கம் போன ஒரு வான்காரர் நின்றார். கயிறு இருக்கிறது, கீழே இழுத்துவிடுகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். எஞ்சின் ஓடாத காரில் பிரேக் கல்லுமாதிரி இறுகும், ஸ்டியரிங் திரும்பாது. பனி இறக்கத்தில் கயிறு தளர்ந்தால் இழுக்கிறவருக்குப் பின்னால் போய் மோத வேண்டியதுதான்.

வான் போன பிறகு மாமா சொன்னார். "உங்களுக்குக் கார் பெரிசு. எனக்கு என்ரை தமையனின்ரை முகம்."

பின்சீற்றில் கிடந்த உங்கள் போர்வையை இரண்டு பேரும் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பியபடி இருந்தோம்.

லொறி வந்தபோது பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். சாரதி ஒரு வயதான நோர்வேக்காரர். காரை இழுக்கும் வின்ச் கம்பி அறுந்தால் காலை வெட்டும் என்று எங்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டுக் காரை மேலே ஏற்றினார். மூன்று பேரும் முன்னால் நெருக்கி இருந்து திரும்பவும் டொம்போஸுக்கு இறங்கினோம்.

ஒரு மணிக்குக் கிட்ட மாமாவின் போன் அடித்தது. தமையனின் மனைவி, அவருடைய அண்ணி, வீடியோவில் எடுத்திருந்தார். சாரதி பார்த்தார். "இந்த வளைவுக்குப் பிறகு தொடர்பு இருக்காது" என்று லொறியை ஓரம் கட்டி, ரேடியோவை நிறுத்தினார்.

"தம்பி, தெரியுதே? பெட்டி மூடப் போகினம். வடிவாத் தெரியுதே?"

படம் அசையாமல் நின்றுவிட்டது. பெட்டியின் விளிம்பும் ஒரு மாலையின் நுனியும்தான் இருந்தன. முகம் வரவேயில்லை.

"ஓம் அண்ணி," என்றார் மாமா. "வடிவாத் தெரியுது."

டொம்போஸ் கராஜில் எஞ்சின் ஆறிய பிறகு சாரதி மூடியைத் திறந்தார். விரலால் தொட்டு, நிறமில்லாத பனிக்கூழை எங்களுக்குக் காட்டினார். "யார் இதில் வெறும் தண்ணீர் ஊற்றியது?" என்று நோர்வேயில் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். ஓகஸ்டில் தான் ஊற்றியது அவருக்கு நினைவிலேயே இல்லை.

"நான்தான்," என்றேன்.

"நீங்களோ அண்ணை? இத்தனை வருசமா இஞ்சை இருக்கிறியள்."

"ஓம்."

அது முழுப் பொய்யும் இல்லை. பனிக்கு முன் தண்ணீரை மாற்ற வேண்டியவன் காருக்குச் சொந்தக்காரன். மாமா வேட்டிப் பையோடு அடுத்த ரயிலில் ட்ரொண்ட்ஹெய்ம் போனார். பிளாட்பாரத்தில் கை காட்டினேன். அவர் காட்டவில்லை. நான் ஒஸ்லோ ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம் அதே இடத்தில் இருந்தேன். வெள்ளை மலையைப் படம் எடுக்கிற பயணிகள் சுற்றி நின்றார்கள். அழகான இடந்தான், வெயில் காலத்தில் உங்களைக் கூட்டிப்போக வேண்டும்.

மாமா வராததற்குக் காரணம் இதுதான். அவர் என்னோடு கோபமாக இருக்கட்டும். கோபம் என்னோடு இருக்கும்வரை அது அவர்மேல் திரும்பாது. கெய்லோவைப் பற்றி அவர் முன்னால் நீங்கள் கதைக்கக் கூடாது. இதை அவருக்குக் காட்டவும் கூடாது.

திருத்திய கார் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். தனியாகக் கராஜுக்கு இறங்கினேன். நான்கு சீற்றுக்கும் கீழே ஒவ்வொரு மஞ்சள் மேலங்கி வைத்தேன். பிறகு ஜக்கின் பின்னாலிருந்து அந்தப் போத்தலை எடுத்தேன். பனி கரைந்து வெறும் தண்ணீராகியிருந்தது. தரையிலுள்ள வடிகாலில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.