தற்காலிக மாற்றம்

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாத உதைபந்தாட்டச் சட்டம் இருக்கவில்லை. அண்ணா கோல் காப்பாளர். அவர் பயிற்சி செய்யும்போது வேலிக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே நான் அரைச் சட்டத்தரணி ஆகியிருந்தேன்.

அந்த வருடம் அண்ணா திருகோணமலைப் பட்டினத்துக் கழகத்தை விட்டு, சாம்பல்தீவில் எங்கள் ஊர்க் கழகத்துக்கு வர நினைத்தார். பழைய கழகம் விடுவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டது. புதிய கழகம் வெள்ளிக்கிழமைக்குள் அவரைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் அங்கும் இல்லை, இங்கும் இல்லை. பருவம் முழுக்க வீட்டில் குந்தியிருக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் கழகப் பட்டியலில் இருபத்தைந்து பேருக்குத்தான் இடம். இருபத்தைந்தும் நிறைந்திருந்தது. அதில் ஒருவர் கடலுக்குப் போய் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை.

அவரும் கோல் காப்பாளர்தான். அவருடைய வள்ளம் தெற்கே ஈச்சிலம்பற்றுக் கரையில் கவிழ்ந்து ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. அவர் மனைவி மரணச் சான்றிதழ் எடுக்கச் சம்மதிக்கவில்லை. அது இல்லாமல் பெயரை வெட்டவும் முடியாது. ஒவ்வொரு போட்டிக்கும் முன் பெயர் கூப்பிடும்போது அவர் பெயரையும் கூப்பிடுவார்கள். எல்லாரும் ஒரு மூச்சு நேரம் பேசாமல் நிற்பார்கள், பிறகு அடுத்த பெயர். அந்த ஒரு மூச்சில் எனக்கு முதுகு கூசும்.

கழகச் செயலாளர் என் மாமா. அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். இல்லாதவர் என்று வெட்ட ஏலாது, ஆனால் வேறு கழகத்துக்கு மாற்றலாமே. ஈச்சிலம்பற்றில் ஒரு கழகத்தின் செயலாளர் அவருக்குக் கூட்டாளி; பேருக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். வள்ளம் ஒதுங்கிய இடத்துக்கே ஆளையும் அனுப்புகிறோம் என்று மாமாவுக்குத் தோன்றவில்லை போலும். இரண்டு கழகமும் ஒப்பமிட்டாயிற்று. வீரரின் கையெழுத்துத்தான் பாக்கி. அதை அவர் மனைவியிடம் போய்க் கேட்கப் பெரியவர்கள் ஒருவருக்கும் முகம் இல்லை. என்னை அனுப்பினார்கள்.

அந்த அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டுப் படிவத்தை வாசித்தார். இரண்டு கட்டங்கள் இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"நிரந்தரம், தற்காலிகம் எண்டு கிடக்கு. இதென்ன?"

"நிரந்தரம் எண்டால் போனது போனதுதான். தற்காலிகம் எண்டால் பருவம் முடியத் திரும்பி வரவேணும்."

"வராட்டி?"

"வரத்தான் வேணும் அக்கா. அது சட்டம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படிவத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே மெல்லிய குரலில் அவர் கதைப்பது கேட்டது. நான் சொன்னதைத்தான் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்; இடையிடையே நிறுத்தி, மறுமொழி கேட்டவர் போல "ஓம், ஓம்" என்றார். வெளியே வந்தபோது தற்காலிகத்தில் சரி போட்டிருந்தது. கீழே அவர் கணவரின் கையெழுத்து, மை காயாமல்.

மாமா பழைய படிவமொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசி எழுத்தின் வால் வரைக்கும் அதேதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், படிவத்தைக் கோப்பில் வைத்தார். அண்ணா பதியப்பட்டார். நான் அந்த வீட்டு ஒழுங்கையால் போவதையே விட்டுவிட்டேன்.

பருவத்தின் கடைசிப் போட்டி எங்கள் ஊர்த் திடலில். நான் போகவில்லை. சட்டப்படி அக்காவின் கணவர் திரும்பி வர வேண்டிய நாள் அது. பயமும் ஆசையுமாகக் கடற்கரைக்கு ஓடினேன். அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். கழுவிப் புது நாடா கோத்த ஒரு சோடிச் சப்பாத்தை அலை வந்து நிற்கும் இடத்தில், நுனி ஊரைப் பார்க்க வைத்திருந்தார். கடலிலிருந்து நடந்து வருகிறவர் அப்படியே காலை நுழைக்கலாம்.

"போட்டி எத்தினை மணிக்கு முடியும்?"

"அஞ்சரைக்கு."

திடலில் கடைசி விசில் கேட்டது. ஓர் அலை வந்து போனது. வலது சப்பாத்து மட்டும் மணலில் புதைந்திருந்தது, யாரோ காலை வைத்த மாதிரி. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பாராமல் ஓடினேன்.

தற்காலிக மாற்றத்தைப் பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்க வேண்டும். அடுத்த முறையும் மாமா என்னிடமே படிவத்தைக் கொடுத்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வந்த படிவத்தில் மறுபடியும் தற்காலிகம். எனக்கு ஆத்திரம் வந்தது. சொன்ன நாளில் வராமல் சட்டத்தை மீறிய ஆளுக்குத் தண்டனை ஒன்றும் இல்லையா என்று அண்ணாவிடம் கேட்டேன்.

அண்ணா கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார். "அந்தச் சட்டத்தை அவவுக்கு ஆர் சொன்னது?"

நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.