உப்பளப் படத்தில் இருந்த இரண்டு பேர்

பொய் சொல்லாத மனிதர் என்று நான் முழுசாக நம்பியது ஒரே ஒருவரை. அவர் லித்துவேனியாக்காரர். ஓவியர், ஆராய்ச்சியாளர், அறுபதைத் தாண்டியவர். வருஷாவருஷம் குளிர்காலத்தில் வந்து குயிலாப்பாளையத்தில் வாடகை வீட்டில் தங்குவார். காலையில் மரக்காணம் உப்பளத்தில் படம் வரைவார், மத்தியானம் புத்தகம் எழுதுவார். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த மரக்காணத்துக்காரி நான். உப்பளத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பேன். வீட்டில் அவர் எழுதித் தருவதை லேப்டாப்பில் அடிப்பேன்.

கண்ணில் பட்டதை அப்படியே வரைவது அவர் பாணி. பாணி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், அது ஒழுக்கம் என்பார். பாத்தியோரம் கிடக்கும் காலி தண்ணீர் பாக்கெட்டைக்கூட விடமாட்டார். அதை விட்டுவிட்டால் படம் அழகாக இருக்குமே சார் என்று ஒருமுறை வாயை விட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவே இல்லை.

அவர் எழுதிய புத்தகமும் அதைப் பற்றித்தான். சோவியத் காலத்தில் அவருடைய நாட்டில் பயத்தில் திருத்தப்பட்ட ஓவியங்களின் கதை. அவர் அப்பாவும் ஓவியராம். வகுப்பறைப் படம் ஒன்றில் அப்பா வரைந்திருந்த ஆசிரியரைப் பிறகு சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். உடனே அப்பா அந்த ஆள்மேல் ஓர் அலமாரியை வரைந்து மறைத்துவிட்டார். கடைசிவரை அப்பாவை மன்னிக்கவில்லை என்று மகன் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

போன மாசியில் என் மகளுக்குக் காய்ச்சல். நான்கு நாள் லீவு போட்டேன். திரும்பிப் போனபோது பெரிய படம் ஒன்று முக்கால்வாசி முடிந்திருந்தது. வெள்ளைவெளேரென்று பாத்திகள், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல், குவியலின் நிழலில் ஒரு பைக். பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் குடை பிடித்தபடி ஓர் ஆள், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

பைக் சீட்டில் மஞ்சள் பூப்போட்ட உறை. என் பழைய சுடிதாரை வெட்டி நானே தைத்தது அது. உப்பு லாரி ஓட்டும் என் கணவர் அந்த வாரம் சென்னையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் யாரென்றுகூட எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் எனக்குக் குடை பிடித்திருப்பாரா?

இது நிஜமா சார் என்று கேட்டேன்.

"இரண்டு நாள் வந்தார்கள். நான் எதையும் சேர்ப்பதில்லை" என்றார்.

அந்த ஆள் யாரென்று சொன்னேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளவா என்றேன். முடியாத படத்தை யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "போட்டோ எதற்கு? படம் எங்கேயும் போகாது. யார் கேட்டாலும் பார்த்ததைச் சொல்வேன்" என்றார். அதை நம்பி போனைக் கைப்பைக்குள் போட்டேன். மடச்சி நான்.

வீட்டில் கேட்டதும் கணவர் குதித்தார். "வெள்ளக்காரன் கண்டத வரைவான், அதுக்கு நான் பதில் சொல்லணுமா? லூசாடி நீ?" மாமியாருக்கு மகன்மேல் கோபம் வரவில்லை. சந்தேகப் புத்தி, படிச்ச திமிர் என்று எல்லாப் பட்டமும் எனக்குத்தான். "எங்கிட்ட காட்டு. கண்ணால பாத்துட்டா எம்புள்ளைய நானே செருப்பால அடிக்கறேன். இல்லன்னா நீ வேலைய விட்டுட்டு வாய மூடிக்கினு வீட்ல கெட" என்றார். நானும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவர், மாமியார், என் அண்ணன், நான், நாலு பேரும் ஓவியர் வீட்டுக்குப் போனோம். வழி கேட்காமல் கணவர்தான் முன்னால் நடந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படத்தில் பைக் இல்லை. ஆளும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. அந்த இடத்தில் இன்னோர் உப்புக் குவியல், கீற்றோடு, அச்சு அசலாக. பெயிண்ட் இன்னும் காயக்கூட இல்லை. எவ்வளவு நன்றாக வரைந்திருந்தார், பாவி மனுஷன்!

என் முகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். "நேற்று உன் கணவர் வந்தார். போனில் உன் மகளின் போட்டோவைக் காட்டி அழுதார். அந்தக் குழந்தைக்காகத்தான் செய்தேன்."

என் மகள் பேரைச் சொல்லி என்னைக் கைவிட இவர் யார்? கணவர்மேல் வந்ததைவிட இவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னா சொல்றாரு?" என்றார் மாமியார்.

அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். மாமியார் உதட்டைப் பிதுக்கினார். "இங்கிலீஷ்ல அவரு ஒன்னு சொல்லுவாரு, நீ ஒன்னு சொல்லுவ. அதெல்லாம் வாணாம். அந்த எடத்துல யாரையாச்சும் பாத்தாரா இல்லியா? அத மட்டும் கேளு."

கேட்டேன். தூரிகையைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு, "இல்லை. யாரையும் பார்க்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தது ஓவியருக்கும் எனக்கும்தான். பார்த்தாராம் என்று நான் சொல்லியிருந்தால், தமிழ் தெரியாத அந்த மனிதரால் மறுத்திருக்கவும் முடியாது. ஆனால் அவர் சொன்னதைச் சொல்வதுதான் என் வேலை.

"யாரையும் பாக்கலையாம் அத்தை" என்றேன்.